ஏழாம் நம்பர் பேருந்தின் ஊசிக்காரர்

“பெரியவரே, உங்க மூச்ச அந்தப் பக்கமா விடுங்க. எனக்கு வேண்டாம்.”

இப்படி ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னான். அதுவும் ஏழாம் நம்பர் பேருந்துக்குள் நின்றுகொண்டு சொன்னான். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் ஹெல்மெட். வண்டி மக்கர் செய்ததால் பஸ்ஸுக்கு வந்தவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. திண்டுக்கல்லுக்கும் கரட்டுப்பட்டிக்கும் நடுவில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக ஓடியவன் நான். என்னிடம் எவனும் இந்தத் தொனியில் பேசியது கிடையாது.

“தம்பி, வாசல்ல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கு, பாக்கலையா? ‘இந்தப் பேருந்தில் ஊசிக்காரர் பயணிக்கிறார்.’ வேணாங்கிறவுகளுக்குத்தான் பின்னாலயே வெள்ளை வண்டி விட்டிருக்காக. அதுல ஏறு. அங்க எவனும் ஒம்மேல மூச்சு விடமாட்டான்.”

அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கிப் போனான். வண்டியே என்னைப் பார்த்துத் தலையாட்டியது. ஓட்டுநர் ஸ்டீபன் கண்ணாடி வழியாகச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நின்று இந்தக் கதையை மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்ட என் மகள் மகிழினி மட்டும் தலையாட்டவில்லை.

“அவரு கேட்டதுல என்னப்பா தப்பு? ஒருத்தர் ஒடம்புக்குள்ள ஒண்ண அனுப்புறதுன்னா அவரு சரின்னு சொல்லணும்ல?”

“அதான் வேற வண்டி விட்டிருக்கம்ல.”

“வேற வண்டி இருக்குன்னு மரியாதையா சொல்லியிருக்கலாம்.”

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். என்னையும் ஒன்பதாம் வகுப்புப் பையன் என்று நினைத்துக்கொள்வாள். நான் கால் கழுவப் போய்விட்டேன்.

அவளுக்காகத்தான் இந்த வேலையையே நான் எடுத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காய்ச்சல் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். ஐப்பசியில் முதல் அடைமழையோடு வரும், தை பிறந்தால் போய்விடும். திடமான ஆளை ஒரு வாரம் படுக்கப் போடும். திடமில்லாதவரை எடுத்துக்கொண்டு போய்விடும். மகிழினிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறது. அதை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக அவள் சாப்பிடும் மாத்திரை, நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அடக்கி வைத்துவிடும். அவளுக்கு எந்த ஊசி போட்டாலும் பலிக்காது. அவளைச் சுற்றியிருக்கிறவர்களுக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால் மட்டும்தான் அவளுக்கும் வராது.

நான் இந்த வேலையை எடுப்பதற்கு முந்தின மழைக்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுப்புக் கொடுத்தார்கள். “இந்த வருசமும் மழைக்காலம் பூரா லீவு கேட்டா வேற ஆள் போட வேண்டியிருக்கும்மா, தப்பா நினைக்காதீங்க” என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கரட்டுப்பட்டியிலிருந்து போக ஏழாம் நம்பரை விட்டால் வேறு பஸ் இல்லை. வெள்ளை வண்டியும் ஊசிக்காரர் வருகிற நாட்களில் மட்டும்தான் ஓடும். தினமும் கார் வைத்துப் போக வாத்தியார் சம்பளம் காணாது. பள்ளிக்கூடம் பாதுகாப்பாகிவிட்டது, அங்கே அவர்களுக்கென்று ஊசிக்காரர்கள் இருந்தார்கள். பஸ்தான் பாக்கி.

புரட்டாசிக் கடைசியில் சுகாதாரத் துறை ஒவ்வொரு தடத்தையும் சோதிக்கும். பயணிகளில் நூற்றுக்கு எண்பது பேர் உடம்பில் எதிர்ப்பு இருந்தால் அந்த வண்டியின் நெற்றியில் பச்சைப் பலகை மாட்டுவார்கள். பச்சைப் பலகை மாட்டிய வண்டியில் மகிழினி மாதிரி ஆட்களும் பயமில்லாமல் ஏறலாம். மாட்டாவிட்டால் அவள் மறுபடியும் வீட்டுக்குள்தான்.

ஆவணியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் என் மனைவியும் போனோம். சுகாதார ஆய்வாளர் ஷர்மிளா பானு, முப்பது வயசு இருக்கும், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற பெண். அவர்தான் எங்களுக்கு விளக்கினார்.

“ஐயா, இது செத்த கிருமி இல்ல. உயிரோட இருக்கிறதுதான். பல்லை மட்டும் புடுங்கி விட்டிருக்கோம். ஊசி போட்டதும் தொண்டையில வந்து குடியிருக்கும். நீங்க பேசும்போது, சிரிக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போகும். அவங்க ஒடம்பு இத அடிச்சுப் பழகிக்கிட்டா, நெசக் காய்ச்சல் வரும்போது தயாரா இருக்கும்.”

“எல்லாருக்கும் ஊசியே போட்றலாமே?”

“இந்தக் காய்ச்சல் வருசா வருசம் சட்டை மாத்திக்கிட்டு வருது. அத்தன பேருக்கும் திரும்பத் திரும்பப் போட மருந்துக்கு எங்க போறது? ஒருத்தருக்குப் போட்டா ஒரு தெரு தேறணும். அதுக்குத்தான் இந்தப் பரவும் ஊசி.”

“அப்ப இளவட்டத்துக்குப் போட வேண்டியதுதான? அவனுகதான ஊர் சுத்துறானுக.”

“இளவட்ட ஒடம்பு புதுசா வந்த கிருமிய மறுநாளே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிரும். ஒரு நாளுக்கு மேல அவங்ககிட்ட அது தங்காது. வயசானவங்க ஒடம்பு வந்த விருந்தாளிய மூணு வாரம் வச்சிருந்துதான் அனுப்பும். இத்தன காலம் அத நாங்க கொறைன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து என் உடம்பைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது என்றுதான் கேட்டுப் பழக்கம். இளவட்டத்தால் முடியாத ஒன்று என் உடம்புக்கு முடிகிறது என்று அரசாங்கமே சொல்கிறது.

“ஆனா ஒண்ணு” என்றார் பானு. “மூணு வாரமும் லேசா காய்ச்சல் இருக்கும், அசதி இருக்கும். அந்த நேரம் பாத்து வேற நோய் உள்ள வந்துறக் கூடாது. அதனால அறுபது தாண்டினவங்க போட்டுக்க வேண்டிய மத்த ஊசியெல்லாம் முன்னாடியே போட்டிருக்கணும். நிமோனியாவுக்கு, ஃப்ளூவுக்கு, அக்கிக்கு ரெண்டு தவணை. போட்டிருக்கீங்களா?”

நான் சுவரில் இருந்த கர்ப்பிணிகளுக்கான படத்தைப் பார்த்தேன். ஊசி என்றால் எனக்கு ஆகாது. சர்வீஸில் இருந்தவனை நோய் அண்டாது என்று வருஷா வருஷம் சொல்லித் தப்பித்து வந்தேன்.

“நான் எல்லாம் போட்டுட்டேன் மேடம்” என்றாள் என் மனைவி. “இவுகளுக்குத்தான் ஒண்ணும் போடல. ஊசியக் கண்டா ஓடிருவாக.”

அன்றைக்கே எனக்கு இரண்டு கையிலும் குத்தினார்கள். அக்கி ஊசியின் இரண்டாம் தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது பிறகு போட்டால் போதும், ஆனால் கட்டாயம் வர வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார் பானு. ஆவணி முடிகிற சமயத்தில் பரவும் ஊசியை இரண்டு பேருக்கும் போட்டார்கள். எனக்கு ஏழாம் நம்பர் தடம் என்று உத்தரவு வந்தது. அவளுக்கு வீட்டு ஊசி. வீடு, தெரு, கடைகண்ணி என்று வழக்கம்போல இருந்தால் போதும். அவள் உத்தரவை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். நான் என்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

எங்கள் தொண்டையில் இருந்த கிருமி மகிழினிக்கு ஆகாது. பல் பிடுங்கிய பாம்பாக இருந்தாலும் அவள் உடம்புக்கு அதுவே அதிகம். அதனால் மூன்று வாரமும் அவள் விடுப்பில் மாடியில் இருந்தாள். சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு நாங்கள் இறங்கியபிறகு வந்து எடுத்துக்கொள்வாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு பெற்ற பிள்ளையைத் தொட முடியாமல் இருப்பது கொடுமை. அதைப் பெருமைக்காரனான நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஊர் மாறிப்போயிருந்தது. முன்பு அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் யாரும் வரக்கூடாது என்று அர்த்தம். இப்போது ஊசிக்காரர் இருக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள், எல்லோரும் வரலாம் என்பதற்காக. கல்யாண மண்டபங்களில் பன்னீர் தெளிக்க இளம்பெண்களுக்குப் பதிலாக எழுபது வயசுக்காரர்களை நிறுத்தினார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், வீட்டில் பெரியவர்கள் உண்டா என்று விசாரித்து, உண்டு என்றால்தான் சாவியைக் கொடுத்தார்கள். இதில் வயிற்றெரிச்சலும் இருந்தது. மில் மேனேஜராக இருந்த ஞானதுரையை அவன் மகன் புரட்டாசிக்கு முதல் நாள் முதியோர் இல்லத்திலிருந்து காரில் கூட்டிக்கொண்டு போவான். மாசம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவான். “ஒரு மாசமாச்சும் பேரப்பிள்ளைக கூட இருக்கேன்ல, ரத்தினவேலு” என்பான் ஞானதுரை. அந்த மகனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாம் நம்பரில் எனக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அது மந்திரிக்குக் கிடைக்காது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. ஸ்டீபன் முன் ஜன்னல் ஓர இருக்கையில் மெத்தை போட்டு வைத்திருந்தார். நான் ஏறியதும் கூட்டம் விலகி வழி விட்டது. பக்கத்து இருக்கையில் எவரும் உட்காரவில்லை, பெரியவர் காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பேச வந்தவர்கள் எங்கள் பக்கத்து வழக்கப்படி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ரெண்டு அடி தள்ளி நின்று பேசினார்கள். நான் காலை முதல் சாயங்காலம் வரை போய்வந்து, லேசான காய்ச்சலோடு, ஒரு கோவில் உற்சவர் மாதிரி அமர்ந்திருந்தேன்.

முதல் வாரம் முடிந்ததும் பானு வந்தார். பயணிகளைச் சின்னக் குழாய் ஒன்றில் ஊதச் சொன்னார். ஊதினால் எதிர்ப்பு வந்திருக்கிறதா இல்லையா என்று கையடக்கக் கருவி காட்டிவிடும். ஒரு முழு நடை ஊதவைத்துவிட்டு என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“பத்துல ஒருத்தருக்குக்கூட வரல ஐயா.”

“எப்பிடி? நான் ஒரு நாள்கூட லீவு போடல.”

“தெரியும். நானும் பின்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். உங்க பக்கத்துல யாருமே உக்காரல. பேசுறவங்க வாயப் பொத்திக்கிட்டுத் தள்ளி நிக்கிறாங்க. நீங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு கம்பீரமா இருக்கீங்க. உங்க மூச்செல்லாம் வெளிய வயக்காட்டுக்குப் போகுது. வழியில நிக்கிற கொக்குக்குத்தான் இந்த வருசம் காய்ச்சல் வராது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“மரியாதை குடுத்தே உங்கள ஒதுக்கி வச்சுட்டாங்கய்யா” என்றார் பானு, இந்தத் தடவை மெதுவாக. “இப்படியே போனா பச்சைப் பலகை கெடைக்காது.”

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து சொன்னேன். மாடியில் மகிழினி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “விடுங்கப்பா. ஒரு மழைக்காலம்தான. வீட்டுலருந்து டியூஷன் எடுத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது.

அடுப்படியில் என் மனைவி புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஓயாமல் பேசுகிற பிறவி அவள். பால்காரர் வந்தால் அவர் மாட்டுக்கு என்ன பேர் என்பது வரை விசாரிப்பாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் உட்காரவில்லை. மெத்தையை ஸ்டீபனிடமே கொடுத்துவிட்டு வண்டி நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “நெருங்கி வாங்க, நெருங்கி வாங்க. ஏம்ப்பா அங்க தனியா நிக்கிற, உள்ள தள்ளி வா” என்று பழைய குரலை எடுத்தேன். முட்டி தீயாக வலித்தது. உடம்பு கொதித்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு பேர் எழுந்து, “உக்காருங்கய்யா” என்றார்கள். எழுந்தவனை நான் அதட்டி உட்கார வைத்தேன்.

அன்று மத்தியானம் கரட்டுப்பட்டி நிறுத்தத்தில் பின் வாசல் வழியாக என் மனைவி ஏறினாள். கையில் டிபன் கேரியர்.

“என்ன, நீ இங்க?”

“ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதுங்க, காய்ச்சல்ல. அதான் சோறு கொண்டாந்தேன்.”

ஒரு வாரமாக ஓட்டலில்தான் சாப்பிட்டேன், அப்போதெல்லாம் ஒத்துக்கொண்டது. வண்டிக்குள் வைத்து மனைவியோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெண்களுக்குத்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே, வந்துவிட்டுப் போகட்டும். அவள் பின்னால் மூன்றாவது வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்தாள். சாப்பாட்டைக் கொடுத்த பிறகும் இறங்கவில்லை. சாயங்கால நடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். நின்றுகொண்டு வரும் பிள்ளை உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைப்பது எங்கள் பஸ்ஸில் காலகாலமாக நடப்பது. கேட்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும். என்னிடம் எவரும் நீட்டியதில்லை. அவள் மடியில் நாலு பை சேர்ந்தது. கண்ணை மறைக்கிற அளவுக்குப் பைகள். அதற்கு மேலே அவள் பேச்சுச் சத்தம்.

“இந்தப் பையி என்ன இம்புட்டு கனக்குது? கல்லா பொறக்கிக்கிட்டுப் போற? ஒங்க அப்பா எந்த ஊரு? அட, மாரிமுத்து மகளா நீ? ஒங்க ஆத்தாளும் நானும் ஒண்ணா தண்ணி எடுத்தவுக.”

ரெண்டு நாளில் பையோடு ஒரு கைக்குழந்தையும் சேர்ந்துகொண்டது. குழந்தையின் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் அதன் முகத்துக்கு நேராக முகம் வைத்து “ஆத்தாடி, ஆத்தாடி” என்று கொஞ்ச, அது எச்சில் ஒழுகச் சிரிக்க, பின்பாதி வண்டி முழுவதும் சேர்ந்து சிரித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் ஒரு அரசாங்கப் பொறுப்பில் நிற்கிறேன், என் வீட்டு அம்மாள் சந்தைக்கடை நடத்துகிறாள்.

“கொஞ்சம் அடக்கமா வரக்கூடாதா?” என்று வீட்டில் கேட்டேன். “ஊசிக்காரரு வீட்டம்மான்னு நாலு பேருக்குத் தெரியும்ல.”

“சரிங்க” என்றாள்.

மறுநாள் காலை முதல் நடைக்கே வந்து ஏறினாள். கையில் அதே டிபன் கேரியர்.

“இப்ப என்ன?”

“மத்தியானம் கொண்டாந்தா சோறு ஆறிப்போயிருதுங்க. அதான் காலையிலயே கொண்டாந்துட்டேன்.”

இதில் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. நின்றுகொண்டே வருகிறவனுக்குப் புரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. அவளுக்கும் காய்ச்சல்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் சுருண்டுகொள்வோம். கிருமி போய்விட்டதா என்று தொண்டையைச் சோதித்து, போய்விட்டது என்று பானு சொன்ன அன்றைக்குத்தான் மகிழினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

புரட்டாசிக் கடைசியில் சோதனை நடந்தது. மூன்று நாள் எல்லா நடையிலும் ஊதவைத்தார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு.

டிப்போவில் சின்ன விழா எடுத்தார்கள். கிளை மேலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஸ்டீபன் ஏணி போட்டு ஏறி ஏழாம் நம்பரின் நெற்றியில் பச்சைப் பலகையை மாட்டினார். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸைப் பேசினேன், உட்காராமல் நின்றதைப் பேசினேன், முட்டி வலியையும் விடவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கியதில்லை.

இறங்கி வந்தபோது பானு என்னை வண்டிக்குப் பின்பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

“ஐயா, மேடையில வச்சு சொல்ல வேணாம்னு இருந்தேன். ஒவ்வொருத்தருக்குப் போடுற கிருமியிலயும் ஒரு அடையாளம் வச்சிருப்போம். யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு லேப்ல பாத்தா தெரியும். ஏதாவது தப்பா போனா எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கிறதுக்காக.”

“சரி.”

“அந்த எண்பத்தாறு பேர்ல உங்க அடையாளம் ஒம்பது பேருகிட்டதான் இருக்கு.”

“மிச்சப் பேருக்கு?”

“வளர்மதி அம்மாவோடது.”

வளர்மதி என் மனைவியின் பெயர். இத்தனை நேரம் நான் அதைச் சொல்லவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். பஸ்ஸிலும் அவளைக் கண்டக்டர் வீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பானு சொல்லிக்கொண்டு போனார். “நீங்க நின்னீங்க, சரிதான். ஆனா உங்களப் பாத்ததுமே ஆளுங்க வாய மூடிக்கிட்டாங்க. அம்மாகிட்ட யாரும் மூடல. அவங்க மடியில பை வச்ச பிள்ளைங்க குனிஞ்சு குனிஞ்சு பேசிச் சிரிச்சிருக்காங்க. அந்தப் பிள்ளைங்க ஒடம்புல கிருமி ஒரு நாள்தான் தங்கும். அந்த ஒரு நாள் சாயங்காலமே வீட்டுல அப்பா, அம்மா, சித்தின்னு எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. அவங்களும் இதே ஏழாம் நம்பர்லதான ஏறியாகணும்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதுதான் ஊரைக் கூட்டி முட்டி வலியைப் பேசிவிட்டு வருகிறேன். பிறகு டிபன் கேரியர் நினைவுக்கு வந்தது. ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டபோது அவள் வரவில்லை. பானு கொக்குக் கதை சொன்ன மறுநாள்தான் வந்தாள். அடக்கமாக வா என்று நான் வைத பிறகு காலையிலும் வந்தாள். சோறு ஆறிப்போகிறது என்றால் பிந்தித்தானே கொண்டுவர வேண்டும், யாராவது முந்திக் கொண்டுவருவார்களா? முப்பத்தோரு வருஷம் ஆயிரம் பேரின் டிக்கெட்டைக் கணக்கு வைத்த எனக்கு இது உறைக்கவில்லை.

வண்டிக்குள் ஏறினேன், பின் வாசல் வழியாக. அவள் மூன்றாவது வரிசையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வண்டி எடுக்கக் காத்திருந்தாள். மடியில் யாருடையதோ ஒரு காய்கறிப் பை.

“தெரிஞ்சுதான் செஞ்சியா?”

“எதங்க?”

“சோறு ஆறிப்போகுதுன்னு காலையிலயே வந்த பாரு, அத.”

அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த முருங்கைக்காயை உள்ளே தள்ளினாள். “நீங்க கரை வேட்டியும் சட்டையுமா, கம்பீரமா நிக்கிறீங்க. ஒங்க மடியில யாருங்க பையக் குடுப்பா?”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா நீங்க வேணாம்பீங்க. மக வேலைக்குப் போகணும்ல.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவள் ஏதோ செய்யப் போகிறாள் அல்லது செய்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம், அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பொன்னாடை போர்த்தியபோது வந்த பெருமை வேறு, இது வேறு. இவளோடு நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன் என்று வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவனிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒவ்வொருவனிடமும் முடியாது என்பதால் ஸ்டீபனிடம் போய்ச் சொன்னேன். அவர் சொன்னால் திண்டுக்கல் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஐப்பசியில் முதல் மழை கொட்டிய காலை மகிழினி குடையை மடக்கிக்கொண்டு ஏழாம் நம்பரில் ஏறினாள். வாசலில் நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியதும் இருக்கை கிடைத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். யாரோ ஒரு பிள்ளை அவள் மடியில் பையை வைத்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் ஏழாம் நம்பர் உத்தரவு என் மனைவி பெயருக்கு வந்தது. வளர்மதி என்று அச்சடித்திருந்தது. சட்டம் போட்டு மாட்டியது நான்தான், என்னுடையதைக் கழற்றிவிட்டு. எனக்கு இப்போது வீட்டு ஊசி. அக்கி ஊசியின் இரண்டாம் தவணையையும் ஓடாமல் போட்டுக்கொண்டேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

முதல் நாள் ஸ்டீபன் முன் இருக்கையில் மெத்தை போட்டு வைத்திருந்தார். அவள் மரியாதைக்காக ஒரு நிறுத்தம் வரை உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பின்னால் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள். நான் டிபன் கேரியரோடு பக்கத்தில் நின்றேன்.

பேகம்பூர் நிறுத்தத்தில் ஹெல்மெட்டோடு ஒருவன் ஏறினான். அதே ஆள். அவனும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். போன வருஷத்து வாய் எனக்குள் துருதுருவென்று எழுந்தது. மகிழினி சொன்னதை நினைத்து அதை அடக்கிக்கொண்டேன்.

“தம்பி, இதுல ஊசிக்காரர் வர்றாக. ஒங்களுக்கு வேண்டாம்னா பின்னாடி வெள்ளை வண்டி வருது. ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

“தெரியுங்கய்யா. வீட்டுல கைக்கொழந்த இருக்கு. அதான் பாத்துத்தான் இதுல ஏறுனேன்.” கொஞ்சம் தயங்கினான். “நீங்கதான ஊசிக்காரரு?”

“இல்ல தம்பி. அந்தா, பின்னாடி பை அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காகளே, வளர்மதி. அவுகதான். நான் அவுக வீட்டுக்காரரு.”

அவன் உள்ளே தள்ளிப் போனான். அவள் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினாள். அவன் ஹெல்மெட்டைக் கொடுத்தான்.